தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு உடனிருந்து வழிகாட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்டார வள மையங்களில் பணியாற்றும் ஆசிரியர் பயிற்றுநர்களும், தம் பள்ளியில் இளைய ஆசிரியர்களுக்குத் துணை நிற்க விரும்பும் தலைமையாசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்றுநராகப் பல ஆண்டுகள் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்று வந்த அனுபவமும், இந்தத் துறையில் நடந்த சில ஆய்வுகளும் இந்தப் பதில்களுக்கு அடிப்படை.

உடனிருந்து வழிகாட்டுதல் என்றால் என்ன? பயிற்சி முகாம்கள் நடக்கும்போது இது தனியாக எதற்கு?

‘கோச்சிங்’ என்ற சொல்லைக் கேட்டால் நம் ஊரில் நீட் தேர்வு மையமும் தனிப்பயிற்சியும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனால் ‘உடனிருந்து வழிகாட்டுதல்’ என்றே எழுதுகிறேன். ஆசிரியரின் வகுப்பறைக்கே சென்று, அவர் பாடம் நடத்துவதைக் கவனித்து, பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதை அவரோடு சேர்ந்து பார்த்து, மாற்ற வேண்டிய ஒன்றை இருவரும் சேர்ந்து முடிவு செய்து, அதைச் செய்து பழகி, சில நாட்கள் கழித்து மீண்டும் வந்து அதே விஷயத்தைப் பார்ப்பதுதான் இந்த வேலை. மீண்டும் வருவது இதில் பாதி வேலை என்பேன்.

பயிற்சி முகாம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. குறுவள மையத்தில் (அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான மையம்) பயிற்சி தரும் கருத்தாளர் ஒரு செயல்பாட்டை நடத்திக் காட்டும்போது, எதிரே அமர்ந்திருப்பவர்கள் பிள்ளைகளைப் போல நடிக்கும் ஆசிரியர்கள். அவர்களுக்குப் படிக்கத் தெரியும், கூட்டத் தெரியும், சொன்னதும் குழுவாகப் பிரிவார்கள். திங்கட்கிழமை காலையில் அதே ஆசிரியர் தம் வகுப்புக்குள் நுழையும்போது, ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும், இருவரிடம் எழுதுகோல் இருக்காது, மூன்றாம் வகுப்பும் அதே அறையில் அமர்ந்திருக்கும். முகாமில் கற்ற செயல்பாடு அந்த அறைக்குள் எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு முகாமில் விடை கிடைப்பதில்லை. ஆசிரியர் ஒரு முறை முயன்று பார்க்கிறார், இரைச்சல் கூடுகிறது, பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார். திரும்பும் அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

இதனால் உண்மையிலேயே பிள்ளைகளின் கற்றல் உயர்கிறதா?

உயர்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் 2015 முதல் நடந்த தொடக்கநிலை வாசிப்பு ஆய்வு அவற்றுள் தெளிவானது. அங்கே இரு தொகுதிப் பள்ளிகளுக்கு ஒரே பாடத்திட்டக் குறிப்புகளும் ஒரே வாசிப்புப் புத்தகங்களும் தரப்பட்டன. ஒரு தொகுதியில் ஆசிரியர்களை ஓரிடத்துக்கு வரவழைத்துத் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றொரு தொகுதியில் வழிகாட்டிகள் ஆசிரியரின் வகுப்புக்கே சென்று உதவினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வகுப்புக்கே சென்று உதவிய பள்ளிகளில் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேற்றம் மற்ற தொகுதியைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் நடந்த 60 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வும், இத்தகைய வழிகாட்டுதல் ஆசிரியரின் கற்பித்தலையும் மாணவர் அடைவையும் உயர்த்துவதாகவே சொல்கிறது. ஆனால் அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தருகிறது: திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பயன் குறைகிறது. சில பத்து ஆசிரியர்களோடு சிறப்பாக நடந்தது, நூற்றுக்கணக்கானோருக்கு விரியும்போது பலம் குன்றிவிடுகிறது. தமிழ்நாட்டைப் போன்ற ஒரு மாநிலத்துக்கு இந்த எச்சரிக்கை மிகவும் முக்கியமானது. நம் பயிற்றுநர்களின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொருவரின் தோளிலும் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, பள்ளிக்குப் போகாத நாட்களில் அவர்களுக்கு வேறு என்னென்ன வேலைகள் தரப்படுகின்றன என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வேலையை யார் செய்கிறார்கள்?

அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் உருவாயின. அவற்றில் ஆசிரியர் பயிற்றுநர்கள் பணியமர்த்தப்பட்டனர். 2018-இல் அந்த இயக்கம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குள் வந்த பிறகும் இந்தக் கட்டமைப்பு தொடர்கிறது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் விரிவுரையாளர்களும் பள்ளிகளுக்குச் செல்கின்றனர்.

நமக்கு இதில் ஒரு முன்வரலாறும் உண்டு. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியில் வளர்ந்த, பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தம் வேகத்தில் கற்கும் அட்டைவழிக் கற்றலை, அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். 2007-இல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் அது மாநிலம் முழுவதும் பரவியது. கற்றல் ஏணி (பிள்ளை படிப்படியாகக் கடக்க வேண்டிய பாடவரிசை), அட்டைகள், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் ஆகியவை நம் வகுப்பறைகளின் தோற்றத்தையே மாற்றின. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். அது சிறிய மாற்றம் அன்று. ஆயினும், அட்டைகள் ஒழுங்காகத் தட்டுகளில் அடுக்கப்பட்டிருந்தும், எந்தப் பிள்ளை ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்று ஆசிரியருக்கே தெரியாத வகுப்புகளை நான் கண்டிருக்கிறேன். பொருள்கள் வந்து சேர்ந்தன. அவற்றைப் பயன்படுத்தும்போது எழுந்த சிக்கல்களை அவிழ்க்க அருகில் ஆள் வந்து சேரவில்லை.

2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கும், 2023-24 கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது அதன் இலக்காக அறிவிக்கப்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் நிற்கும் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பது அதன் அடிப்படை. ஓர் ஆசிரியர் ஒரே அறையில் மூன்று நிலைகளை ஒருசேர நடத்துவது எளிதன்று. கையேட்டைப் படித்து மட்டும் அது கைவராது. பயிற்றுநர் வகுப்புக்குள் வர வேண்டிய அவசியம் இதனால் முன்பைவிடக் கூடியிருக்கிறது.

அதிகாரிகள் வந்து நடத்தும் பள்ளி ஆய்வுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஆசிரியருக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தெரியும்?

ஆம், ஒன்றாகத்தான் தெரியும். குற்றம் ஆசிரியருடையது அன்று. நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குச் சென்றேன். ஆசிரியை இரண்டாம் வகுப்புக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் நுழைந்ததும் கதை நின்றது. எனக்கு மேலிருந்து கொடுக்கப்பட்ட படிவத்தில் கேட்கப்பட்டிருந்தவை எல்லாம் ஏடுகளைப் பற்றியவை. வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு, மதிப்பீட்டுப் பதிவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி நிரப்பினேன். முப்பது பிள்ளைகளும் வாயில் விரல் வைத்து நாற்பது நிமிடம் அமர்ந்திருந்தார்கள். கிளம்பும்போது ஆசிரியை, “கதையை முடிச்சிடலாம்னு இருந்தேன் சார், மணி அடிச்சிடுச்சு” என்றார். குறை சொல்லும் தொனி அவர் குரலில் சிறிதும் இல்லை. அந்த வாக்கியம் இன்றுவரை எனக்கு வலிக்கிறது.

அதன்பிறகு எனக்கென்று ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். ஏடுகளைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இருந்தால் அதை வேறொரு நாளில் செய்வேன். முடியாத நிலையில், பள்ளி விட்ட பிறகு தலைமையாசிரியர் அறையில் பார்ப்பேன். வகுப்புக்குள் போகும்போது என் கையில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் மட்டுமே இருக்கும். முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் போவேன். “முன்கூட்டிச் சொன்னால் நன்றாகத் தயார் செய்து காட்டிவிடுவார்களே” என்று சில அலுவலர்கள் கேட்பதுண்டு. தயார் செய்தால் நல்லதுதானே. அன்று பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கும். அந்த ஆசிரியரால் அதிகபட்சமாக என்ன செய்ய முடியும் என்பதும் எனக்குத் தெரியவரும்.

வகுப்பில் பார்த்ததை ஆசிரியருக்கு எதிராக யாரிடமும் கொண்டுபோகக் கூடாது. செயலியில் பதிவேற்ற வேண்டிய விவரம் இருந்தால், என்ன பதியப் போகிறோம் என்பதை அவரிடம் காட்டிவிட்டுப் பதிய வேண்டும். ஒரு முறை நம்பிக்கை உடைந்தால், அந்தக் குறுவள மையத்தின் அத்தனை பள்ளிகளுக்கும் மாலைக்குள் செய்தி போய்விடும்.

வகுப்பறையில் அமர்ந்ததும் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆசிரியரைக் கவனிப்பதைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கவனியுங்கள். புதிய பயிற்றுநர்கள் பின்வரிசையில் நாற்காலி போட்டு அமர்ந்து ஆசிரியரின் முகத்தையே பார்ப்பார்கள். நான் ஓரமாகத் தரையில், பிள்ளைகளின் நோட்டுகள் கண்ணில் படும் இடத்தில் அமர்வேன். நம் வகுப்புகளில் அடிக்கடி காணும் மூன்று காட்சிகளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, பாதிச் சொல்லை ஆசிரியர் சொல்ல, மீதியைப் பிள்ளைகள் சேர்ந்து முடிக்கும் வழக்கம். “காவிரி எங்கே உற்பத்தியாகுது? குடகு ம…” என்று ஆசிரியர் இழுப்பார். “லை!” என்று வகுப்பே முழங்கும். வெளியிலிருந்து கேட்டால் உயிர்ப்புள்ள வகுப்பாகத் தோன்றும். பக்கத்தில் அமர்ந்து வாய்களைப் பார்த்தால், முன்வரிசையில் ஆறேழு பேர் சொல்கிறார்கள், மற்றவர்கள் அரை நொடி தாமதமாக அவர்களைப் பின்தொடர்கிறார்கள் என்பது தெரியும். “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது டீச்சர்!” என்பதும் இதே வகைதான். குடகு எங்கே இருக்கிறது, மலையில் ஏன் ஆறு பிறக்கிறது என்று தனியாக ஒரு பிள்ளையைக் கேட்டால் விடை வராது.

இரண்டாவது, காத்திருக்கும் நேரம். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எத்தனை நொடி பொறுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். நம் வகுப்புகளில் நான் எண்ணியவரை நிலைமை வேறாக இல்லை. மூன்று நொடி என்பது வகுப்பின் முன் நிற்பவருக்கு மிக நீண்ட மௌனம். அதனால்தான் அதைப் பழக வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, வாசிப்பு. புத்தகத்தைத் திறந்து ஒரு பிள்ளை கடகடவென்று படித்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைச் சுட்டிக் கேளுங்கள். மனப்பாடமா வாசிப்பா என்பது உடனே தெரியும். எழுத்துக்கூட்டும் பிள்ளையின் பிழையை அப்படியே நோட்டில் குறியுங்கள். ‘படம்’ என்பதை “ப, ட, இம்” என்று தனித்தனியே சொல்லிவிட்டுச் சேர்க்க முடியாமல் நிற்கும் பிள்ளைக்கு எழுத்துகளின் பெயர் தெரிகிறது, ஒலி கூடவில்லை. ‘கொடி’ என்பதை “கெரடி” என்று படிக்கும் பிள்ளை ஒற்றைக்கொம்பைத் தனியாகவும் துணைக்காலை ‘ர’ என்றும் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிழையில் ஒரு தர்க்கம் இருக்கிறது, கண்ணில் பட்டதைப் பிள்ளை நேர்மையாகவே படித்திருக்கிறது. இந்த இரு பிள்ளைகளும் பதிவேட்டில் ‘மெல்லக் கற்போர்’ என்ற ஒரே பட்டியலில் இருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டிய உதவி வெவ்வேறு.

பாடம் முடிந்த பிறகு ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது?

இந்த வேலையின் கடினமான பகுதி இதுதான். “நல்லா நடத்துனீங்க, இன்னும் கொஞ்சம் செயல்பாடு சேர்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு வருவது எளிது. அதனால் எதுவும் மாறாது. பத்துக் குறைகளை வரிசையாக அடுக்குவதும் அப்படித்தான். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது அடுத்த நாளே செய்துபார்க்கக் கூடியதாக, பிள்ளைகளின் நோட்டில் சான்று உள்ளதாக இருக்கட்டும்.

ஒரு மூன்றாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று கடன் வாங்கிக் கழித்தல். கரும்பலகையில் 42 − 17. ஆசிரியை இரண்டு முறை செய்து காட்டினார், பிறகு நோட்டில் போடச் சொன்னார். பலர் 35 என்று எழுதியிருந்தார்கள். அவர் வரிசையாகப் பார்த்து, “தப்பு, மறுபடி போடு” என்று சொல்லிக்கொண்டே போனார். பிள்ளைகள் அழித்துவிட்டு மீண்டும் 35 என்றே எழுதினார்கள்.

இடைவேளையில் அவரிடம் கேட்டேன்: “டீச்சர், எத்தனை பேர் 35 எழுதினாங்கன்னு கவனிச்சீங்களா?”

“நாலஞ்சு பேர் இருப்பாங்க சார்.”

நோட்டுகளைச் சேர்ந்து எண்ணினோம். பதினொன்று. “ஒருத்தரைக் கூப்பிட்டு, எப்படிப் போட்டேன்னு மட்டும் கேட்கலாமா? சரி, தப்பு எதுவும் சொல்ல வேண்டாம்” என்றேன். ஒரு சிறுவன் வந்தான். “ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு, முப்பத்தஞ்சு” என்று தயக்கமின்றிச் சொன்னான். அவன் போன பிறகு ஆசிரியை சிறிது நேரம் பேசவில்லை. “பெரிசுலேருந்து சின்னதைக் கழிக்கணும்னு நான்தான் சார் போன வருஷம் சொல்லிக்கொடுத்தேன். அதைத்தான் செய்றான்” என்றார்.

நான் சொல்லியிருந்தால் பாதி வார்த்தைதான் அவர் மனத்தில் தங்கியிருக்கும். அவரே கண்டது முழுதாகத் தங்கியது. அதன்பிறகு திட்டமிடுவது எளிதாயிற்று. விளக்குமாற்றுக் குச்சிகளைச் சிறிதாக ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டினோம். நான்கு கட்டும் இரண்டு உதிரியும் மேசையில் வைத்து, ‘இதிலிருந்து 17 எனக்குக் கொடு’ என்று கேட்பதாக முடிவு செய்தோம். உதிரி போதாமல் பிள்ளையே ஒரு கட்டை அவிழ்க்கும்வரை ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது என்பதுதான் எங்கள் ஒப்பந்தம். அவர் பிள்ளையாகவும் நான் ஆசிரியராகவும், பிறகு மாறியும், இரண்டு முறை செய்து பார்த்தோம். இந்த ஒத்திகையைப் பலர் கூச்சத்தால் தவிர்க்கிறார்கள். தவிர்க்கவே கூடாது. பேசி முடிவெடுத்ததற்கும் கையால் செய்ததற்கும் இடையில் உள்ள தூரம் வகுப்பில்தான் தெரியும்.

இத்தகைய பேச்சுக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும். உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் முன்னிலையிலோ பிள்ளைகள் முன்னிலையிலோ பேச வேண்டாம். எழுதித் தருவதாக இருந்தால் ஒரே வரியில், என்ன செய்யப் போகிறோம், நான் மீண்டும் எப்போது வருகிறேன் என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

“நீங்கள் ஒன்றாம் வகுப்பு நடத்தியிருக்கிறீர்களா?” என்று ஆசிரியர் கேட்டால் என்ன சொல்வது?

நியாயமான கேள்வி. நம் ஆசிரியர் பயிற்றுநர்களில் பெரும்பாலோர் பட்டதாரி ஆசிரியர் தகுதியோடு வந்தவர்கள். அறிவியலோ கணிதமோ படித்து, உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் பயிற்சி பெற்றவர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்தறிவிப்பது வேறொரு கலை. தொடக்க வகுப்புகளை நடத்தும் இடைநிலை ஆசிரியர்கள் இதைக் கேட்கும்போது மனம் சுருங்க வேண்டாம். “இல்லை. வரும் வாரம் உங்கள் வகுப்பை எனக்குக் கொடுங்கள், நான் நடத்துகிறேன், நீங்கள் பின்னால் அமர்ந்து குறிப்பெடுங்கள்” என்று சொல்லுங்கள்.

ஹரியானாவில் 2012-13 கல்வியாண்டில் பிரதம் என்ற தன்னார்வ அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து செய்த வேலையில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பள்ளிகளுக்கு வழிகாட்ட வேண்டிய அரசு ஊழியர்கள் முதலில் 15 முதல் 20 நாட்கள் தாங்களே பள்ளிகளில், புதிய முறையில், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். அதன்பிறகுதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தொடர்ந்து பள்ளிகளுக்குச் சென்று உதவினார்கள். பிள்ளைகளை வகுப்பின்படி அல்லாமல் நிலையின்படி குழுவாக்கிக் கற்பிக்கத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. அங்கே பிள்ளைகளின் இந்தி வாசிப்பு உயர்ந்தது. இதற்கு முன் பீகாரில் அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கற்றல் பொருள்களும் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பள்ளி நாட்களில் அத்தகைய உயர்வு கிடைக்கவில்லை.

நான் முதன்முதலாக ஒன்றாம் வகுப்பு நடத்திய நாளில், பத்தாவது நிமிடத்தில் பாதிப் பிள்ளைகள் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். வகுப்பாசிரியை எழுந்து வந்து, ஒரு கைதட்டலையும் ஒரு பாட்டையும் வைத்து அரை நிமிடத்தில் எல்லாரையும் அமர வைத்தார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது அது. அந்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை.

ஒரு ஆசிரியரிடம் எத்தனை முறை செல்ல வேண்டும்?

ஒரு மாதத்தில் ஒரே பள்ளிக்கு இரண்டு முறையாவது. முப்பது பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை சென்று படிவம் நிரப்புவதைவிட, ஒரு பருவத்துக்கு ஐந்து பள்ளிகளை எடுத்துக்கொண்டு அடிக்கடி செல்வது பயன் தரும் என்பதே என் உறுதியான கருத்து. இதற்கு மேலதிகாரிகளின் ஒப்புதல் வேண்டும். பயணப்படியும் காலத்தில் வர வேண்டும். கென்யாவில் 2015 முதல் நடந்த டூசோமே வாசிப்புத் திட்டத்தில், வழிகாட்டிகள் கைக்கணினியில் வகுப்பு நோக்கலைப் பதிந்து, உண்மையில் சென்ற பள்ளிகளின் அடிப்படையில் பயணச் செலவைப் பெற்றார்கள். மலைக் கிராமப் பள்ளிக்குச் சொந்தப் பணத்தில் பேருந்தும் ஆட்டோவும் பிடித்துப் போகும் பயிற்றுநருக்கு இதன் அருமை தெரியும்.

ஈராசிரியர் பள்ளிகளில் இது நடைமுறைக்கு ஒத்துவருமா?

கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்கிறார்கள், அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்தும் ஒருவரிடம். இத்தகைய பள்ளியில் ஆசிரியரை அழைத்துப் பேசினால் வகுப்பை யார் பார்ப்பது என்ற கேள்வி முதலில் எழும். பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு வேலையோ வரையும் வேலையோ கொடுத்து, அதே அறையின் ஓரத்தில் தாழ்ந்த குரலில் பேசுங்கள். இல்லாவிட்டால் மதிய உணவு முடிந்த பிறகு கிடைக்கும் சிறு இடைவெளியைப் பயன்படுத்துங்கள்.

இங்கே வழிகாட்டலின் பொருளும் மாறும். கேள்வி கேட்கும் திறன், வாசிப்புக் கற்பித்தல் என்பவற்றுக்கு முன்பாக, ஒரு குழுவோடு ஆசிரியர் அமர்ந்திருக்கும்போது மற்றக் குழுக்கள் தாமாகச் செய்யக்கூடிய வேலை என்ன என்பதைத் தீர்க்க வேண்டும். பார்த்து எழுதும் வேலையைக் கொடுத்தால் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சண்டையிடத் தொடங்குவார்கள். இணையாக அமர்ந்து ஒருவருக்கொருவர் சொல் அட்டை காட்டிப் படிப்பது, குச்சிக் கட்டுகளால் கணக்குச் செய்து ஒருவரை ஒருவர் சரிபார்ப்பது போன்ற வேலைகள் நீண்ட நேரம் தாங்கும். இவற்றைப் பிள்ளைகளுக்குப் பழக்க முழுதாக இரண்டு வாரம் தேவைப்படும். அந்த இரண்டு வாரமும் ‘பாடம் நகரவில்லை’ என்று ஆசிரியர் பதறுவார். பொறுங்கள் என்று சொல்ல ஒருவர் வேண்டும், அது நீங்கள்தான்.

இருபத்தைந்து ஆண்டு அனுபவமுள்ளவர் “எல்லாம் எனக்குத் தெரியும்” என்றால்?

பெரும்பாலும் அவருக்குத் தெரியும். அட்டை வந்தது, போனது. முப்பருவ முறை வந்தது. புதிய கையேடுகள் வந்தன. ஒவ்வொரு முறையும் முன்னது தவறு என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அந்தக் களைப்பை மதியுங்கள். அவரிடம் உதவி கேட்பதிலிருந்து தொடங்குங்கள். அவர் வகுப்பில் நன்றாக நடக்கும் ஒன்றைக் கண்டுபிடித்து, பக்கத்துப் பள்ளியின் இளைய ஆசிரியரை அங்கே அழைத்து வந்து காட்டச் சொல்லுங்கள். விளக்கிச் சொல்லும்போது தம் வேலையை அவரே புதிதாகப் பார்ப்பார். ஓரிருவர் அப்போதும் கதவைத் திறக்க மாட்டார்கள். அவர்களை வற்புறுத்தி நேரத்தைச் செலவிடுவதைவிட, காத்திருக்கும் மற்ற ஆசிரியரிடம் செல்லுங்கள்.

தலைமையாசிரியரின் பங்கு என்ன?

புதிய முறையை முயலும் ஆசிரியரின் வகுப்பில் சில நாட்கள் இரைச்சல் இருக்கும். அந்த நாட்களில் “என்ன டீச்சர், கிளாஸ் சந்தைக்கடை மாதிரி இருக்கு” என்று சொல்லாமல் இருப்பதே தலைமையாசிரியர் செய்யக்கூடிய பெரிய உதவி. முடிந்தால் வாரத்தில் ஒரு பாடவேளை, ஆசிரியர் மற்றொருவரின் வகுப்பைப் பார்க்க விடுவித்து, அந்த நேரத்தில் தாம் வகுப்பை எடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப், காணொளி அழைப்பு மூலம் இதைச் செய்ய முடியாதா?

துணையாகப் பயன்படும், மாற்றாகாது. தென்னாப்பிரிக்காவின் மபுமலாங்கா மாகாணத்தில் நேரடி வழிகாட்டலையும் தொலைவழி வழிகாட்டலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடக்கத்தில் இரண்டும் ஒத்த பலன் தருவதுபோலத் தோன்றியது. மூன்றாண்டு முடிவில் நேரடியாகச் சென்ற பள்ளிகளே ஆங்கில வாசிப்பில் முன்னேறியிருந்தன. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. தொலைபேசியில் ஆசிரியர் சொல்வதைத்தான் நாம் கேட்கிறோம், பிள்ளையின் நோட்டு நம் கண்ணில் படுவதில்லை. இரு வருகைகளுக்கு இடையில் “‘கொடி’யை இன்னிக்கு எப்படிப் படிச்சான்?” என்று ஒரு குரல் பதிவில் கேட்பதற்கு வாட்ஸ்அப் மிக நல்லது. குழுவில் புகைப்படம் போடச் சொல்வதைத் தவிர்த்துவிடுங்கள். படத்துக்காக நடத்தப்படும் பாடங்கள் ஏற்கெனவே அதிகம்.

மாற்றம் ஏற்பட்டிருக்கிறது என்பதை எப்படி அறிவது?

முதலில், ஒப்புக்கொண்ட அந்த ஒரு செயலை ஆசிரியர் நீங்கள் கேட்காமலே செய்கிறாரா என்று பாருங்கள். பிறகு பிள்ளைகளிடம் செல்லுங்கள். பாடநூலில் இல்லாத நான்கு வரிகளை நீங்களே எழுதிக் கொண்டுபோய், முன்பு தடுமாறிய மூன்று பிள்ளைகளைத் தனித்தனியே படிக்கச் சொல்லுங்கள். சென்ற முறை குறித்த பிழையோடு ஒப்பிடுங்கள். ஆசிரியருக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் ஒதுக்கி, தேதியும் பிழையும் ஒப்பந்தமும் எழுதிவைத்தால் இதற்கு வேறு கருவி தேவைப்படாது.

மூன்று வருகைக்குப் பிறகும் எதுவும் அசையவில்லை என்றால், தேர்ந்த விஷயம் தவறாக இருக்கலாம் அல்லது மிகப் பெரிதாக இருக்கலாம். அதை இன்னும் சிறிதாக்குங்கள். குச்சிக் கணக்கு செய்த ஆசிரியையின் வகுப்புக்குப் பத்து நாள் கழித்துப் போனபோது, அதே பதினொருவரில் நால்வர் இன்னும் 35 மாதிரியான விடைகளையே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஆசிரியை அந்த நால்வரின் பெயரையும் நான் கேட்கும் முன்பே சொன்னார். “இவங்க கட்டை அவிழ்க்கிறாங்க சார், அவிழ்த்ததை எழுதத் தெரியலை. அதுக்கு என்ன பண்ணலாம்?” என்று கேட்டார். அன்று அந்த நால்வரோடும் அவரோடும் தரையில் அமர்ந்து, ஒரு கட்டு அவிழும்போது 4 என்பதை அடித்து 3 என்று எழுதுவதிலிருந்து தொடங்கினோம்.